ஸ்டோர் இன்னாசி வீட்டுத் தோள்

ராசா, சிரம்பான், மலேசியா
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மடத்தில் சகோதரிகள் அனைவரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். மற்றபடி குறையில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன், என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று இணையத்தில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். தோட்டப் பள்ளிகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை யாராவது எடுத்தாண்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். ஒருவரும் எடுத்தாளவில்லை, எதிர்பார்த்ததுதான். ஆனால் வேறொன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தலைப்பு 'இன்னாசி'. கீழே, 'இது ஒரு குடும்பப் பெயர். இப்பெயர் கொண்ட குறிப்பிடத்தக்கவர்கள்' என்று எழுதி, ஐந்து பேரை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

குடும்பப் பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறோம், அதோடு சரி. என் மகளுக்குப் பின்னால் ராய்ஸ்டன்தான் நிற்கிறேன், இன்னாசி இல்லை.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த நாட்டில் இத்தனை இன்னாசிகள் வேறு எங்கிருந்து வந்திருப்பார்கள்? காய்ச்சலில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் நம் கல்லுமலைத் தோட்டத்துச் சனங்கள் இஞ்ஞாசியார் கோயிலில் நேர்ந்துகொண்டார்களே, வீட்டுக்கு வீடு முதல் ஆண்பிள்ளைக்கு இன்னாசி என்று ஞானஸ்நானம் கொடுப்பதாக. கங்காணி இன்னாசி, லோரி இன்னாசி, ஊமை இன்னாசி, கள்ளுக்கடை இன்னாசி, நம் அப்பா ஸ்டோர் இன்னாசி. ஒருவரைக் கூப்பிட்டால் எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வார். அடுத்த தலைமுறைக்கும் அதே பெயரைக் கேட்டபோது, யார் யாரென்று பதிவேட்டில் புரியவில்லை, போதும் என்று பாதிரியார் கும்பிட்டுவிட்டார். அதனால்தான் நாமெல்லாம் அகதாவும் ராய்ஸ்டனும் ஆனோம். ஆனால் எல்லோருக்கும் பின்னால் அந்த ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டுக் குடும்பம் என்கிறான். தப்பாகச் சொல்லி, சரியான இடத்தில் போய் நின்றுவிட்டான்.

கேளுங்கள். ஆட்ரி இன்னாசி, நம் ஊமை இன்னாசியின் மகள், கோலாலம்பூரில் இதய அறுவை மருத்துவர். தர்மராஜ் இன்னாசி, ஆசிய அளவில் பதக்கம் வாங்கிய பளுதூக்கும் வீரர். இப்போது லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். பஞ்சாலை இன்னாசி, தொலைக்காட்சி நடிகை. கொடுமைக்கார மாமியார் என்றால் அவர்தான். ஹேமநாதன் இன்னாசி, ஸ்காட்லாந்தில் பெரணிச் செடிகளை ஆராயும் தாவரவியலாளர்.

இவர்களை நம் இஞ்ஞாசியார் திருவிழாவுக்கு அழைக்கப் போகிறேன். அதோடு நம் வீட்டுத் தோளுக்கும் ஒரு முடிவு கட்டப் போகிறேன். எட்டு இன்னாசி வீட்டுக்குச் சப்பரத்தில் எட்டுத் தோள், தகப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கு. அப்பா போனதிலிருந்து பின்தண்டில் நம் இடம் காலி. ஒவ்வொரு வருடமும் நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டைக்குப் பின்னால் நடக்கிறேன். இந்த வருடம் நடக்க மாட்டேன். தூக்குவேன்.

உங்கள் செபத்தில் என்னை நினைத்துக்கொள்ளும்
தம்பி ராய்ஸ்டன்


சேசு மரி சூசை துணை

அடைப்பு மடம், கூச்சிங்
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ராய்ஸ்டனுக்கு,

உனக்கும் உன் மனைவிக்கும் மகளுக்கும் ஆண்டவர் சுகம் தருவாராக. என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் சர்க்கரை போல.

உன் கடிதத்தை இரவு உணவுக்குப் பிந்திய ஓய்வு நேரத்தில் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டினேன். சமையலறையில் இருக்கும் இளைய சகோதரி மடத்துக்கு வருமுன் பஞ்சாலையின் நாடகங்களைப் பார்த்திருக்கிறாளாம். அந்த அம்மாள் எங்கள் தோட்டத்து லயத்துப் பெண் என்றதும் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இத்தனை வருடத் துறவறத்தில் கிடைக்காத மரியாதை.

ஊமை இன்னாசி மாமா எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறார். வேலை நேரத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். அவர் மகள் மனிதர்களின் நெஞ்சைத் திறக்கிறாளா? கடவுளுக்கும் விளையாட்டு உண்டு.

தோளைப் பற்றி நீ கோபப்படுவது புரிகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் வீட்டில் முதல் பிள்ளை நான். தோள் வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மடத்துக்கு வந்திருப்பேனோ என்னவோ.

ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறாய். நான்கு பேரைத்தான் சொல்லியிருக்கிறாய்.

அன்புடன் உனக்காகச் செபிக்கும்
அக்கா அகதா


ராசா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

ஐந்தாவது யார் என்று உங்களுக்குத் தெரியும். 'எட்வர்ட் இன்னாசி, ஓய்வுபெற்ற சர்வதேச ஹாக்கி நடுவர்.' ஒளிக்கவில்லை, எழுதப் பிடிக்கவில்லை. அப்பா படுத்திருந்த மூன்று வருடமும் குளிப்பாட்டி உணவு ஊட்டியவன் நான். அவர் இறந்த வாரத்தில் ஏதோ ஒரு நாட்டில் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக நின்றுவிட்டு, அடக்கம் முடிந்த மறுநாள் பெட்டியோடு வந்து இறங்கினார் என் அண்ணன். "விசில் ஊதி முடிச்சாச்சா?" என்று கல்லறையருகே எல்லோர் முன்னாலும் கேட்டேன். அது சரியான கேள்வி. இன்றும் அதே கேள்விதான். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனவர், பதினாறு வருடமாகத் திருவிழாப் பக்கமே வரவில்லை.

நல்ல செய்தி இருக்கிறது. கோயில் சபை என் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பஞ்சாலையின் பெயரைச் சொன்னதும் பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் மற்ற பெயர்கள் கேட்கவே இல்லை. சபைத் தலைவர் இன்னும் இராஜமாணிக்கம்தான், கங்காணி இன்னாசியின் மூத்த மகன். அவருக்கு அவர் அப்பாவின் குரல், அப்பாவின் தொப்பை, அப்பாவின் அதிகாரம். கூட்டம் முடிந்ததும் தோளைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லாரயும் கூப்பிடு வாத்தியாரே, நல்லதுதான் லா. தோள மட்டும் கேக்காத."

"ஏன்?"

"மூத்தவன் உசுரோட இருக்கான்ல? எட்வர்ட் வரட்டும். கோயில் வாசல்ல நின்னு, குடுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் ஒன் பாடு."

"அவரு வராட்டி?"

"வராட்டி காலிதான். ஒங்க வீட்டு கனத்தயும் சேத்து நாங்கதானே தாங்குறோம், ஒனக்கென்ன? நீ பாட்டுக்கு மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு வர்ற."

அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் முதுகலை படித்தவன். தலைமையாசிரியர் பதவியை என்னைவிட இளையவனுக்குக் கொடுத்தபோதுகூட இப்படிச் சுடவில்லை.

வழக்கம் உங்களுக்கும் தெரியும். கொடுத்தவன் திரும்ப வாங்க முடியாது. அதன்பின் சாகும்வரை சப்பரத்தைத் தொடக்கூடாது. தோள் விட்டவன் பாதி செத்தவன் என்பார்கள். அதனால்தான் கூனிப்போன கிழவர்கள்கூட விடாமல் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எட்வர்டுக்கு அதில் என்ன நட்டம்? அவர்தான் ஏற்கெனவே விட்டுவிட்டாரே. ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஈப்போவிலிருந்து வரட்டும்.

நான் அவருக்கு எழுத மாட்டேன். உங்களையும் எழுதச் சொல்லவில்லை.

அன்புத் தம்பி
ராய்ஸ்டன்


சேசு மரி சூசை துணை

கூச்சிங்
3 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நாளை மறுநாள் விபூதிப் புதன். தவக்காலத்தில் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ எழுதலாம், பாஸ்காத் திருநாளுக்குப் பிறகுதான் என் கைக்கு வரும்.

எட்வர்ட் எனக்கு எழுதுவதுண்டு. நானும் அவனுக்கு எழுதுவதுண்டு. அவன் எழுதுவதை உனக்கு எழுதமாட்டேன். நீ எழுதுவதை அவனுக்கும் எழுதியதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் வேலியாக இருக்கிறேனா, வாசலாக இருக்கிறேனா என்று சில சமயம் தெரிவதில்லை.

இந்தத் தவக்காலத்தில் நோயாளிகளுக்காக ஒரு செபமாலை சொல். யாருக்கென்று பெயர் வேண்டாம். பொதுவாகச் சொன்னால் போதும்.

அன்புடன்
அக்கா அகதா


ராசா
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். உங்கள் மௌனம் முடிந்திருக்கும், என் செய்திகளோ கொட்டிக் கிடக்கின்றன.

லுக்குட்டுக்குப் போய்த் தர்மராஜைப் பார்த்தேன். பட்டறையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கீழே வைக்காமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே என்னோடு பேசினார். லோரி இன்னாசியின் மூத்த மகன். அவர் இடம் நம் இடத்துக்கு நேர் முன்னால்.

"சார், நீங்க வந்து நின்னா நான் ஒங்களுக்குக் கோயில் கட்டுவேன்," என்றார். "ஒலக மேடையில தூக்குனதெல்லாம் ஒன்னுமில்ல. ஒங்க வீட்டு காலி எடத்துக்கு முன்னாடி நிக்கிறதுதான் பாரம். போன வருசம் வலது தோள் எறங்கிப்போச்சு."

பஞ்சாலையிடம் தொலைபேசியில் பேசினேன். வர ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "எங்கப்பாவ கள்ளுக்கட இன்னாசின்னு மைக்குல சொல்லக்கூடாது தம்பி. வணிகர் இன்னாசின்னு போடுங்க." போடுகிறேன் என்றேன். தோட்டத்தில் யாருக்கும் வணிகர் என்றால் யாரென்று தெரியப்போவதில்லை.

இப்போது ஒரு சங்கடம். ஹேமநாதன் பதில் போட்டிருக்கிறார். அவர் அப்பா தூத்துக்குடிக்காரராம், மலாயாவைக் கண்ணால் கண்டதில்லையாம். நம் தோட்டத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் ஏற்கெனவே மேடைப் பதாகையில் அவர் பெயரை அச்சடித்துவிட்டேன். வெளிநாட்டுக்காரன் தப்பைப் பார்த்துச் சிரித்தவன், அதே தப்பில் விழுந்தேன். அந்த மனிதருக்கோ ஒரே உற்சாகம். எண்ணெய்ப்பனை மரத்து உடம்பெல்லாம் பெரணி முளைத்திருக்குமே, அதைப் பார்க்க ஆசையாம். உறவில்லாவிட்டாலும் வருவேன் என்கிறார். "பெயர் ஒன்றாக இருக்கிறதே, அது போதாதா?" என்று எழுதியிருக்கிறார். வாருங்கள் என்றேன்.

உடனே எழுதுங்கள்.

ராய்ஸ்டன்


ராசா
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? பாஸ்கா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, ஒரு வரி இல்லை. மடத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "சகோதரி அகதா நலம், செபத்தில் இருக்கிறார்," என்றார்கள். நீங்கள் எப்போதுதான் செபத்தில் இல்லை?

டாக்டர் ஆட்ரியைப் பார்த்துவிட்டேன். பத்து நிமிடம் தருவதாகச் சொன்னவள், ஒரு மணி நேரம் உட்காரவைத்தாள். நாற்பது வயதுதான் இருக்கும். ஊமை இன்னாசிக்கு ஒரே பிள்ளை.

"ஊமை இன்னாசியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்கிள், எங்கப்பா வீட்டுல வாய மூடவே மாட்டாரு. டிவி சத்தம்கூட கேக்காது."

"தோட்டத்துல ஒரு வார்த்த பேசமாட்டாரும்மா."

"எல்லாத்தயும் சேத்து வச்சி வீட்டுல வந்து கொட்டியிருக்காரு போல."

சப்பரத்தைப் பற்றிச் சொன்னேன். தன் அப்பாவின் இடம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். அவர் தம்பி மகன் நிற்கிறான், அதுவும் வழக்கத்தை மீறித்தான் என்றேன். "நான் தூக்கலாமா? ஒரே பிள்ளன்னா மூத்த பிள்ளையும் நான்தானே?" என்றாள். எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. இராஜமாணிக்கத்தின் முன்னால் போய்க் கேட்க இதைவிட நல்ல கேள்வி உண்டா?

பிறகு, "உங்க வீட்டுக்கு யாரு தூக்குறாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்ல."

"யாருமில்லயா?" கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "உங்க சாடைய எங்கியோ பாத்த மாதிரி இருக்கு அங்கிள்." அதற்குள் தாதி வந்து கூப்பிட்டாள், எழுந்துவிட்டாள்.

ஹாக்கி பார்ப்பவளாக இருக்கும். எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்த ஆள் போய் நிற்கிறார்.

ராய்ஸ்டன்


சேசு மரி சூசை துணை

கூச்சிங்
8 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

உன்னைக் கவலைப்பட வைத்ததற்கு மன்னித்துக்கொள். எனக்கு நோயில்லை. ஒரு வேண்டுதலுக்காகத் தனித்திருந்து செபிக்க மடத்து அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அந்த நாட்களில் பேனாவை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் எழுதக்கூடாததை எழுதிவிடுவேன் என்று தோன்றியது. இப்போது அந்தப் பயம் விலகிவிட்டது, ஆண்டவருக்கு நன்றி.

ஹேமநாதன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. உறவில்லாதவனை அழைத்துவிட்டோமே என்று வருந்தாதே. உறவுள்ளவனை அழைக்காமல் விடுவதைவிட அது சின்னத் தப்பு.

டாக்டர் ஆட்ரியைத் திரும்பப் பார்த்தால் என் நன்றியைச் சொல். அவள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

அண்ணனுக்கு ஒரு வரி எழுது, ராய்ஸ்டன். நான் இதுவரை உன்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அக்கா அகதா


ராசா
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று அறிந்து ஆறுதல். எனக்கும் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஓடுகிற ஓட்டம் அப்படி.

ஆட்ரிக்கு நீங்கள் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? நான் அழைத்தேன், அவள் வருகிறாள். நன்றி யாருக்காவது சேருமானால் எனக்குத்தான் சேர வேண்டும். பரவாயில்லை, பழகிவிட்டது.

இராஜமாணிக்கம் ஆட்ரியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் மூன்று ஞாயிறு தவித்துவிட்டு, "டாக்டரம்மா தூக்கட்டும். ஒரே பிள்ள, அது நாயம்," என்று இறங்கிவந்தார். "அப்ப எனக்கு?" என்றேன். "ஒனக்கு அண்ணன் இருக்கான் வாத்தியாரே. நான் என்ன பண்றது லா?" என்றார்.

அழைப்பிதழ்களை அனுப்பிவிட்டேன். அந்த இணையப் பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன, ஐந்து உறை எழுதினேன். நான்கு அழைப்பிதழில் என் கையெழுத்தைப் போட்டேன். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

ராய்ஸ்டன்


சேசு மரி சூசை துணை

கூச்சிங்
14 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. உறைமேல் இருக்கும் உன் எழுத்து அவனுக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவன் கைபிடித்து எழுதப் பழகியவன் நீ.

திருவிழாச் சனிக்கிழமை மாலை நீங்கள் சப்பரம் தூக்கும் நேரத்தில் எங்களுக்கு மாலைச் செபம். நம் எட்டு வீட்டுக்கும் சொல்வேன்.

ஒரு வேண்டுகோள். அன்று யாரையும் அவசரப்படுத்தாதே. யார் எங்கே நின்றாலும், மெதுவாக.

அக்கா அகதா


ராசா
4 ஆகஸ்டு 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்ததற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. வாக்குக் கொடுத்திருப்பீர்கள், தெரிகிறது. இருந்தாலும் மன்னிக்கவில்லை. உங்கள் முழங்கால் சுகமா?

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே கூட்டம். ரந்தாவிலிருந்தும் கோலா சாவாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பஞ்சாலை காரிலிருந்து இறங்கியதும் கிழவி ஒருத்தி நேரே வந்து, "அந்த மருமவள ஏன்டி அப்படிப் படுத்துன?" என்று கையில் ஓர் அடி வைத்தாள். பஞ்சாலை அசரவில்லை. "அவ மட்டும் யோக்கியமா?" என்றார். கூட்டம் கொண்டாடிவிட்டது. ஹேமநாதன் ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்று பெரணியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வங்காளதேசத் தொழிலாளிகள் இரண்டு பேர் அவருக்கு ஏணி பிடித்தார்கள். நான் மேடையில் ஏறி ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்தேன். மருத்துவம், விளையாட்டு, நடிப்பு, அறிவியல். அத்தனை துறைக்கும் ஒரே பெயர். அக்கா, என் வாழ்நாளில் நான் பேசி இப்படிக் கைதட்டு வாங்கியதில்லை. ஹேமநாதனை "தூத்துக்குடி இன்னாசியின் மகன்" என்றேன். ஒன்பதாவது இன்னாசி என்று யாரோ கத்தினார்கள்.

மாலையில் சப்பரத்தைச் சுற்றி நின்றோம். இராஜமாணிக்கம் வழக்கம்போல் வீடு வீடாகக் கூப்பிட்டார். லோரி இன்னாசி வீடு என்றதும் தர்மராஜ் நின்றார். ஊமை இன்னாசி வீடு என்றதும் ஆட்ரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

"ஸ்டோர் இன்னாசி வீடு."

யாரும் அசையவில்லை. இராஜமாணிக்கம் என்னைப் பார்க்காமல், "தூத்துக்குடிக்காரரே, நீங்களும் மூத்த மகன்தானே? காலியா கெடக்கு, வந்து நில்லுங்க," என்றார். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"காலியில்ல."

அண்ணன். பாதி உடம்பாகிவிட்டார். எப்போது வந்தாரோ, கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. நேரே வந்து நம் இடத்தில் நின்று, குனிந்து, தண்டில் கை வைத்தார்.

"அங்கிள், கூடாது," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்ரி சத்தம் போட்டாள். "பாக்கத்தான் வர்றேன்னு சொன்னீங்க. தூக்கக் கூடாது."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் நிமிர்ந்து மேல்பட்டனைக் கழற்றினார். தொண்டைக்குழிக்குக் கீழே தழும்பு தொடங்குகிறது. "ஏப்ரல்ல," என்றார், எல்லோருக்குமாக. "இந்தப் பொண்ணுதான் பொளந்து தச்சிச்சு. பேரப் பாத்துட்டு, எந்த இன்னாசின்னு கேட்டுட்டுதான் மயக்க மருந்தே குடுத்தாங்க."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் நான் லுக்குட்டில் தோளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இராஜமாணிக்கத்தின் குரல் மாறியிருந்தது. "அப்ப குடுத்துடு எட்வர்ட். ஒன் தம்பி எத்தன வருசமா நிக்கிறான் பாரு."

"அதுக்குத்தான் வந்தேன்," என்றார் அண்ணன். "ராய், கிட்ட வா."

போனேன். அவர் கோயில் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார். "ஸ்டோர் இன்னாசி மூத்த மவன் நான். என் தோள..."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லாதீங்க."

"ஏன்டா? இதானே வேணும் ஒனக்கு?"

"சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க."

இராஜமாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன வாத்தியாரே, வெளயாடுறியா? குடுக்காம நீ எப்படித் தூக்குவ?"

"தோள் அவருதுதான்," என்றேன். "என் ஒடம்ப இன்னிக்கு அவருக்கு இரவல் குடுக்குறேன். அவரு கைய தண்டுல வச்சிக்கிட்டு நடக்கட்டும். அப்ப தூக்குறது அவருதானே?"

"இது எந்த வழக்கத்துல இருக்கு?"

"ஏன், டாக்டரம்மா தூக்குறது எந்த வழக்கத்துல இருந்துச்சு?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து பஞ்சாலை கேட்டார், நாடகத்தில் கேட்கும் அதே குரலில். இராஜமாணிக்கம் தலையைச் சொறிந்துகொண்டு தன் இடத்தில் போய் நின்றார்.

தூக்கினோம். கனம் நான் நினைத்திருந்ததைவிட அதிகம், அக்கா. "முதுக வளைக்காதீங்க சார், முட்டிய மடக்குங்க," என்று தர்மராஜ் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். சப்பரம் பனை வரிசைக்குள் நுழைந்தது. என் காதருகே தண்டின்மேல் அண்ணனின் கை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. மேட்டில் ஏறும்போது நான் வேகத்தைக் குறைத்தேன். எட்டுத் தோளும் வேகம் குறைத்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஹேமநாதன் என் மெழுகுவத்தியை வாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். இரண்டு இடத்தில் அண்ணன், "ராய், போதுமா?" என்றார். இல்லை என்றேன்.

விருந்தில்தான் கேட்டார். "என்னச் சொல்ல விட்டிருந்தா, அடுத்த வருசத்துலேர்ந்து தோள் ஒனக்கே வந்துருக்கும்ல? யார்ட்டயும் கேக்க வேணாம்."

"குடுத்துட்டா அடுத்த வருசம் நீங்க எதுக்கு வரணும்?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். "நீங்க வந்து கை வச்சாதான் நான் தூக்க முடியும். வராட்டி, மறுபடியும் மெழுகுவத்திதான். அது ஒங்க இஷ்டம்."

அவர் தன் தட்டிலிருந்த ஆட்டுக்கறியை எடுத்து என் தட்டில் வைத்தார். டாக்டர் அதையும் தடுத்திருக்கிறாளாம்.

தோள் வீங்கியிருக்கிறது; எண்ணெய் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன். அண்ணன் இன்னும் இங்கேதான் இருக்கிறார், வியாழக்கிழமைதான் ஈப்போவுக்குப் போகிறார். உங்களுக்குத் தன் வணக்கத்தை எழுதச் சொன்னார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எழுதுகிறேன்.

இருவருக்குமாகச் செபிக்கக் கேட்கும்
தம்பி ராய்ஸ்டன்